வெயிலுகந்தாள் ஊறிய வருஷம்

சடையாண்டிக்குக் கருமாதி முடிந்து, பந்தலைப் பிரித்து, வாடகைப் பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்த அன்றைக்குத்தான் அவன் பெண்டாட்டி வெயிலுகந்தாளுக்குப் பசிக்க ஆரம்பித்தது. அதுவரை பச்சைத் தண்ணி பல்லில் படாமல் கிடந்தவள் எழுந்து உட்கார்ந்து, மிஞ்சிய சோற்றைத் தின்றாள், குழம்புச் சட்டியை வழித்துத் தின்றாள், உறவுக்காரர்கள் கட்டிக்கொண்டு போகாமல் விட்டுப்போன வடைகளைத் தின்றாள், கோழிக்கு வைத்திருந்த குருணையையும் அள்ளி உலையில் போட்டுக் கஞ்சியாக்கிக் குடித்தாள், அதற்கப்புறமும் பசித்தது. சடையாண்டியின் தங்கை சீனித்தாய், புருஷன் இல்லாமல் பிள்ளை இல்லாமல் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டவள், மதினிக்கு அழுது அழுது காய்ந்த உடம்பு, தின்னட்டும் என்று பக்கத்து வீடுகளில் போய்க் கேட்டு வாங்கி வந்து கொடுத்தாள். விடிந்து பார்த்தால் வெயிலுகந்தாள் படுத்திருந்த பாய் நனைந்து, தரை நனைந்து, அவள் மேலிருந்து வழிந்த வியர்வை வாசல்படி தாண்டித் தெருவுக்கு ஓடியிருந்தது. கோழிகள் அதைச் சுற்றி நின்று குடித்துக்கொண்டிருந்தன.

சீனித்தாய் அதை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரிக்கவில்லை. இன்னொரு தரம் கையைக் குவித்து அள்ளிக் குடித்துவிட்டு, ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்த வெயிலுகந்தாளிடம் சொன்னாள்.

"மதினி, இது வேர்வை இல்ல. நம்ம ஊர்க் கிணத்துத் தண்ணி. எனக்கு ருசி மறக்கல."

முள்ளிச்செவலில் கிணறு வற்றிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மேலத்தெரு சென்றாயப்பெருமாள் கண்மாய்க்கரை ஓரத்து நிலத்தில் போர்வெல் போட்டார், அது வற்ற வற்ற அதைவிட ஆழமாய் இன்னொன்று போட்டார், உறிஞ்சிய தண்ணீரை டேங்கர் லாரிகளில் ஏற்றித் தூரத்து ஊர்களின் ஆலைகளுக்கு விற்றார். அவர் போர் போடப் போட ஊர்க் கிணறு கீழே போனது, கண்மாய் வெடித்துப் பிளந்தது. கீழத்தெருக்காரர்கள் வழக்கம்போல முதலில் காய்ந்தார்கள், பிறகு மேலத்தெருவும் காய்ந்தது, ஆனால் சென்றாயப்பெருமாளிடம் போய் நின்று பேச மேலத்தெருவுக்கு வாய் இல்லை. சடையாண்டிக்கு இருந்தது. அவன் தெருச்சனத்தைக் கூட்டி, காலிக் குடங்களோடு லாரி வரும் ரோட்டில் உட்கார வைத்தான். டீக்கடை நிறைய ஆள் இருந்த காலை நேரம். லாரியைச் சென்றாயப்பெருமாளின் மகன் பிரதீப் ஓட்டி வந்தான். ஆரனை அழுத்திக்கொண்டே நெருங்க நெருங்க ஒவ்வொருவராய்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து ஓடினார்கள், சடையாண்டி மட்டும் எழவில்லை, லாரியும் நிற்கவில்லை.

போலீஸ் வந்து கேட்டபோது டீக்கடை குருசாமி, நான் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை என்றார். பெஞ்சில் இருந்தவர், பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை என்றார். பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் முகத்தில் முக்காடு இருந்ததால் பார்க்கவில்லை. கூட உட்கார்ந்து எழுந்து ஓடியவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடியதால் பார்க்கவில்லை. ஓட்டியவன் வெளியூர் டிரைவர் என்றும், பிரேக் பிடிக்கவில்லை என்றும், செத்தவன் குடித்திருந்தான் என்றும் ஆனது. வாழ்நாளில் சடையாண்டி சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. இத்தனை கண்ணிருந்தும் பார்க்காத ஊரின் நடுவில்தான் வெயிலுகந்தாள் ராத்திரி ராத்திரி ஊறத் தொடங்கினாள்.

நாளுக்கு நாள் பசி கூடியது, வியர்வையும் கூடியது, உடம்பு மட்டும் இளைத்தது. ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை, தோள்பட்டை எலும்பு துருத்தியது, கண்கள் வெளியே தள்ளிக்கொண்டு வந்தன. சீனித்தாய் கையைப் பிடித்து இழுக்காத குறையாய் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே புதிதாய் வந்திருந்த டாக்டர் நஸ்ரின் சின்ன வயசுக்காரி. அவசரமில்லாமல் எல்லாவற்றையும் கேட்டாள்.

"ராத்திரி வேர்க்கிறதுக்குப் பல காரணம் இருக்கும்மா. டிபின்னா வேர்க்கும், ஆனா பசி செத்துப்போகும், இருமலும் சாயங்காலக் காய்ச்சலும் இருக்கும். மாதவிலக்கு நிக்கிற வயசுன்னா குப்புன்னு அனல் அடிச்சு வேர்க்கும், ஆனா இப்படி இளைக்காது. சர்க்கரை இருந்தா பசிக்கும், இளைக்கும். கழுத்துலயோ அக்குள்லயோ நெறி கட்டியிருந்தா அது வேற விஷயம், அதையும் பார்க்கணும். மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா?"

"இல்ல தாயி."

"கையை நீட்டுங்க."

நீட்டிய விரல்கள் மேல் ஒரு தாளை வைத்தாள். காற்றே இல்லாத அறையில் தாள் படபடவென்று ஆடியது. நஸ்ரின் அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தாள், நாடியைப் பிடித்தாள், முகம் மாறாமல் இருக்கப் பார்த்தாள்.

"கோவத்துல இப்படி வருமா டாக்டரம்மா?" என்று கேட்டாள் வெயிலுகந்தாள்.

"கோவத்துக்கு டெஸ்ட் கிடையாதும்மா. ரத்தம் எடுத்துப் பார்ப்போம்."

ரத்தத்தில் தெரிந்தது தைராய்டு. கழுத்தில் இருக்கிற சின்னச் சுரப்பி ஓயாமல் சுரக்கிறது, அதனால் உடம்பு கொல்லன் உலை மாதிரி எரிகிறது, போட்டதையெல்லாம் எரித்துவிட்டு மேலும் கேட்கிறது, இப்படியே விட்டால் இதயம் தாங்காது என்று நஸ்ரின் விளக்கிச் சொன்னாள். சீனித்தாய் தண்ணீர் தெருவுக்கு ஓடுவதைச் சொன்னதும் அவள் சீட்டில் மருந்தை எழுதிக்கொண்டே சொன்னாள். "அவ்வளவு தண்ணி எங்கயிருந்து வருதுன்னு நான் படிச்சதுல எங்கயும் இல்ல. ஆனா இந்தத் துடிப்புக்கு மாத்திரை எங்கிட்ட இருக்கு. தவறாம சாப்பிடணும்."

வெயிலுகந்தாள் மாத்திரையைச் சாப்பிடத்தான் செய்தாள். வாரங்கள் போகப் போக வியர்வை குறைந்தது. அந்த நாட்களில்தான் கீழத்தெரு ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொன்னது. சடையாண்டியின் கருமாதிக்கு மறுநாளிலிருந்து சென்றாயப்பெருமாளின் மோட்டார்கள் காற்றை இழுத்து இருமிக்கொண்டிருந்தன, லாரிகள் பாதித் தொட்டியோடு போய்க்கொண்டிருந்தன. இப்போது அவள் காயக் காய மோட்டார்கள் மறுபடியும் முழுக்குழாய்த் தண்ணீர் கொட்டின. அதைக் கேட்ட காலை வெயிலுகந்தாள் சோற்றுத்தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாள், மிச்ச மாத்திரைகளைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்து மேலே ஒரு கல்லையும் வைத்தாள்.

பிறகு அவள் ஊறியது மாதிரி எந்த ஊற்றும் ஊறியதில்லை. கொத்தனார் ஒருவர் அவள் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் தரையைச் சரிவாகப் பூசி, சுவரில் துளை போட்டு, வெளியே ஒரு சிமெண்ட் தொட்டி கட்டிக் கொடுத்தார். காலையில் தொட்டி ததும்பி நிற்கும். முதலில் கீழத்தெரு வந்தது. பிறகு மேலத்தெருவில் மாட்டுக்கு என்று சொல்லி வேலையாட்களை அனுப்பினார்கள், அப்புறம் துணி துவைக்க என்றார்கள், அப்புறம் குளிக்க, அப்புறம் டீக்கு, கடைசியில் எதற்கென்று சொல்வதை விட்டுவிட்டு அவர்களே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். இவள் தாகத்துக்கு ஒரு காலத்தில் தூரத்தில் நின்று கையில் ஊற்றியவர்கள், இவள் உடம்பிலிருந்து வழிந்ததை வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சாமிக்கும் தெளித்தார்கள். அவள் நன்றாகத் தூங்கினால்தான் நன்றாக ஊறும் என்பதால், விளக்கு வைத்ததும் கோயில் ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள், பிள்ளைகளை அதட்டிப் படுக்க வைத்தார்கள், கடைசி பஸ் டிரைவர் ஊர் எல்லையிலிருந்தே ஆரன் அடிக்காமல் வந்தார்.

அவள் இரண்டு கேட்டாள். ஒன்று, சோறு. கம்பங்கூழோ கறிக்குழம்போ, எந்த வீட்டில் என்ன சமைத்தார்களோ அதை, அவர்கள் சாப்பிடுகிற தட்டிலேயே போட்டுக் கொண்டுவர வேண்டும். வாழையிலையில் கொண்டுவந்த மேலத்தெரு அம்மாளைப் பார்த்து, "உங்க வீட்டுத் தட்டு எங்கம்மா?" என்று மட்டும் கேட்டாள். அந்த அம்மாள் போய் எவர்சில்வர் தட்டில் போட்டுக்கொண்டு வந்தாள். வெயிலுகந்தாள் அதில் தின்று, விரலால் வழித்து நக்கி, கழுவாமல் கையில் கொடுத்தாள். "எச்சிதான். கொண்டுபோய்க் கழுவிக்கோங்க." அந்த அம்மாள் கழுவிக்கொண்டாள்.

இரண்டாவது கேட்டதற்குத்தான் வரிசை நடுங்கியது. குடத்தை நீட்டுகிற ஒவ்வொருவரிடமும் கேட்டாள்.

"அன்னைக்கு என்ன பாத்தே?"

டீக்கடை குருசாமி தலையைக் குனிந்தார். "நான் டீ ஆத்திக்கிட்டு..."

"அப்ப குடத்தை எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே."

கடையில் டீ போடத் தண்ணீர் இல்லை. அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். "பிரதீப்தான் ஓட்டினான். பிரேக்ல காலே வைக்கல. கியரை மாத்தி வேகம்தான் கூட்டுனான்."

"இன்னும் சத்தமா."

அவர் சத்தமாகச் சொன்னார். குடம் நிரம்பியது. அடுத்தவர் வந்தார். பேப்பர் படித்தவருக்குத் திடீரென்று எல்லாம் ஞாபகம் வந்தது. முக்காடு போட்டிருந்த பெண்கள் சக்கரம் எந்தப் பக்கம் ஏறியது என்பதுவரை சொன்னார்கள். மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும் கேட்டாள், தினம் ஒரே கேள்வி, தினம் ஒரே பதில். கேட்கும்போதெல்லாம் அவளுக்குள் ஏதோ ஒன்று எரிந்தது, எரிந்தது இதமாக இருந்தது. புருஷன் தினமும் தன் கண்முன்னால் சாவதை அவள் காலைச் சோறு மாதிரி தவறாமல் வாங்கித் தின்றாள்.

சென்றாயப்பெருமாளின் மோட்டார்கள் மண்ணைக் கக்கின. லாரிகள் வரிசையாக நின்று துருப்பிடித்தன. ஒருநாள் பகலில் அவர் காரில் மதுரையிலிருந்து ஒரு பெரிய டாக்டரைக் கூட்டிக்கொண்டு, ஆப்பிள் கூடையோடு கீழத்தெருவுக்குள் வந்தார். அவர் கால் அந்தத் தெருவில் பட்டது அதுதான் முதல் தடவை.

"உடம்பை இப்படிக் கெடுத்துக்கலாமா தாயி? எந்தப் பெரிய ஆஸ்பத்திரின்னாலும் சொல்லு, நான் பாத்துக்கிறேன். நீ நல்லா இருக்கணும்" என்றார். அவ்வளவு அக்கறையாய் அவளிடம் யாரும் பேசியதில்லை.

வெயிலுகந்தாள் ஆப்பிளை ஒவ்வொன்றாய் எடுத்து, விதையோடு காம்போடு கடித்து, கூடை காலியாகும்வரை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றாள். "நான் சொகமாகணும்னு இந்த ஊர்லயே உங்களுக்குத்தான் அதிக ஆசை" என்றாள். "ஸ்டேஷன்ல போய், எம் மகன்தான் ஏத்துனான்னு சொல்லுங்க. அப்புறம் நல்லா இருக்கேன்."

அவர் எழுந்து போய்விட்டார். ஆனால் கார்க் கதவு அருகே சீனித்தாயை நிறுத்தி ஒரு மாத்திரைப் பொட்டலத்தைக் கொடுத்தார், பெரிய டாக்டர் அவளிடம் நிஜமான கவலையோடு சொன்னார்: "இவங்க இதயம் குதிரை மாதிரி ஓடுது. நின்னா ஒரேயடியா நிக்கும்."

சீனித்தாய் யோசிக்கவில்லை. அன்றிலிருந்து அம்மியில் மாத்திரையை நுணுக்கிக் கருவாட்டுக் குழம்பில் கலந்தாள். வெயிலுகந்தாளின் கன்னம் மெல்லத் தேறியது, கை நடுக்கம் குறைந்தது, ஒரு வாய் சோற்றைத் தட்டில் மிச்சம் வைத்தாள். தொட்டியில் தண்ணீர் பாதியாகி, கால்வாசியாகி, அடியைத் தொட்டது. சனம் காலிக் குடங்களோடு திரும்பியது. ரோட்டில் டேங்கர் லாரிகள் மறுபடியும் உறுமிக்கொண்டு போயின. அந்தச் சத்தத்தைக் கேட்டபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நாக்கில் கசப்பு தட்டியது. மென்றதைக் கையில் துப்பிப் பார்த்தாள்.

"இதைக் கலந்தது யாரு?"

"நான்தான்" என்றாள் சீனித்தாய், அடுப்பை விட்டு நகராமல்.

"அவன் கொடுத்ததையா? உங்கண்ணனைக் கொன்னவன் கொடுத்ததையா?"

"எமன் கொடுத்தாலும் கலந்திருப்பேன்! எங்கண்ணன் போனப்ப நீ இருந்தே. நீ போனா எனக்கு யாரு மதினி இருக்கா? ஊரு உன்னைக் குடிக்குது. நீ அதைப் பாத்துப் பாத்துச் சந்தோஷப்படுறே. உன் எலும்பு தெரியிறது உனக்குத் தெரியல, எனக்குத் தெரியுது."

வெயிலுகந்தாள் தட்டைத் தூக்கி எறியப் போனவள், கையை இறக்கிக்கொண்டாள். சீனித்தாயின் உள்ளங்கை அம்மிக்குழவி தேய்த்துக் கொப்புளித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, மாத்திரையை நான் திங்கிறேன்" என்றாள் கடைசியில். "ஆனா இப்ப இல்ல. எங்கிட்ட வந்து சொல்லிச் சொல்லி இவங்க மனசைக் கழுவிக்கிட்டாங்க சீனி. எங்கிட்டச் சொன்னா யாருக்கு என்ன கெட்டுப்போச்சு? இதை யோசிக்காம விட்டிருக்கேனே நான், மடச்சி. கொஞ்ச நாள் என்னை என் போக்குல விடு."

மாத்திரை நின்றது. உடம்பு மறுபடியும் எரிந்தது, முன்னைவிட எரிந்தது, தொட்டி வழிந்து தெரு வரை ஓடியது. சனம் குடங்களோடு ஓடி வந்தது. வெயிலுகந்தாள் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தொட்டிமேல் கையை வைத்தாள்.

"இனி இங்க சொல்ல வேண்டாம். ஸ்டேஷன்ல சொல்லிட்டு வாங்க."

"தாயி, போலீஸு, கோர்ட்டுன்னா..." என்று இழுத்தார் குருசாமி.

"அப்ப காஞ்சு கிடங்க."

தெருவில் போன கழுதைகளைக் கூப்பிட்டுத் தொட்டியில் வாய் வைக்க விட்டாள். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "அதுகளும்தான் அன்னைக்கு ரோட்டோரம் நின்னுச்சு" என்றாள். "ஆனா பாக்கலைன்னு பொய் சொல்லல." கழுதைகள் குடித்தது போக மிச்சத்தை அவளே வாளியில் மொண்டு புழுதியில் ஊற்றினாள். மறுநாளும் ஊற்றினாள். பிள்ளைகள் அழுதன. சீனித்தாய் உள்ளே அழுதாள். வெயிலுகந்தாளுக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் ஊற்றினாள். புழுதி தண்ணீரைக் குடித்துக் கறுப்பதைப் பார்க்கையில் அவள் முகத்தில் இருந்ததைக் கண்டு, முன்வரிசையில் நின்றவர்கள் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்கள்.

கடைசியில் குருசாமிதான் கடையைப் பூட்டினார். மேலத்தெருவும் கீழத்தெருவும் ஷேர் ஆட்டோக்களிலும், டிராக்டரிலும், நடந்தும் போய்ப் போலீஸ் ஸ்டேஷன் வாசலை நிறைத்தன. சப்-இன்ஸ்பெக்டர் முதலில் அதட்டினார், பிறகு உட்கார வைத்தார், பிறகு மேலிடத்துக்குப் போன் போட்டார். இத்தனை மாதம் தினமும் சொல்லிப் பழகிய வாய்கள் ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லின. பிரதீப்பைக் கல்யாண வீடு ஒன்றில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வருகிற வழியில், யார் முதலில் இறங்கியது என்று யாரும் சொல்லவில்லை, சனம் கண்மாய்க்கரையில் இறங்கி மோட்டார்களைப் பிடுங்கி எறிந்து, ஒவ்வொரு போர்வெல்லிலும் கல்லையும் மண்ணையும் போட்டு நிரப்பிக் காலால் மிதித்து இறுக்கியது. வந்து சேர்ந்தபோது தொட்டியில் தண்ணீர் இருந்தது. வெயிலுகந்தாள் ஒன்றும் கேட்காமல் ஊற்றினாள்.

அதிலிருந்து சென்றாயப்பெருமாளுக்குத் தாகம் எடுத்தது. கேன் கேனாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்தார், இளநீர் குடித்தார், மோர் குடித்தார், நாக்கு மரப்பட்டை மாதிரியே கிடந்தது. நஸ்ரினிடம் போனார். சர்க்கரை எக்கச்சக்கமாய் இருக்கிறது, தாகம் எடுக்கத்தான் செய்யும் என்று சொல்லி மாத்திரை கொடுத்தாள். சர்க்கரை இறங்கியது, தாகம் இறங்கவில்லை. ஒரு காலையில் அவர், வேலையாள் யாரையும் அனுப்பாமல், தானே ஒரு பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு வந்து வரிசையின் கடைசியில் நின்றார். யாரும் அவரை முன்னால் விடவில்லை. வெயில் ஏறி அவர் வழுக்கை மின்னியது. அவர் முறை வந்தது.

பல நாளாய்க் கேட்காமல் விட்டிருந்ததை வெயிலுகந்தாள் கேட்டாள்.

"என்ன பாத்தீங்க?"

அவர் உதட்டை நக்கினார். தொட்டியைப் பார்த்தார். அதில் வானம் தெரிந்தது. "அவன் நிறுத்தத்தான் போனான்" என்றார். குரல் கரகரத்தது. "தூரத்துலயே வேகத்தைக் குறைச்சுட்டான். நான் காம்பவுண்டு கேட்ல நின்னுக்கிட்டிருந்தேன். எம் மூஞ்சியைப் பாத்தான். நான்தான் கையைக் காட்டினேன். எடுறா வண்டியைன்னேன்."

இதை ஊரில் ஒருவரும் பார்த்திருக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் அன்றைக்கு ரோட்டில் இருந்தது.

வெயிலுகந்தாள் எழுந்தாள். தொட்டியில் குடத்தை அமிழ்த்தி, விளிம்பு தட்ட நிரப்பி, அவர் கையில் கொடுத்தாள். அவர் அங்கேயே தூக்கி அண்ணாந்து குடித்தார், மார்பெல்லாம் நனையக் குடித்தார், குடித்து முடித்துக் கண்ணீரோடு கும்பிட்டார். "என்னை மன்னிச்சிரு தாயி."

"தண்ணி கேட்டீங்க, கொடுத்தாச்சு" என்றாள் வெயிலுகந்தாள். "மன்னிப்பு எங்கிட்ட ஊறல."

அவர் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பினார். வரிசை விலகி வழிவிடவில்லை. டீக்கடை குருசாமி நேர் எதிரே நின்றார், அவருக்குப் பின்னால் பேப்பர் படித்தவர், முக்காடு போட்டிருந்த பெண்கள், முதுகைக் காட்டி ஓடியவர்கள், எவர்சில்வர் தட்டு கழுவிய அம்மாள் எல்லாரும் நின்றார்கள்.

"நாங்க கேட்டோம் மொதலாளி" என்றார் குருசாமி. "எல்லாருமே கேட்டோம். வாங்க, ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வந்துருவோம்."

அவர்கள் அவரை நடுவில் விட்டு நடந்து போவதை வெயிலுகந்தாள் தெருமுனை திரும்பும்வரை பார்த்தாள். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து, ஓடிக் களைத்த நெஞ்சைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"சீனி, அந்த மாத்திரையை எடுத்துட்டு வா."